மூணு விரல் பேச்சு

விக்கிரமங்கலத்து மாட்டுத் தரகன் சின்னதுரை டாக்டரிடமே பேரம் பேசியவன். தன்னிடம் நடந்தது பேரம் என்று அந்த டாக்டருக்குக் கடைசிவரை தெரியாது என்பதுதான் அதில் விசேஷம்.

மாசிக் கடைசியில், அரியலூரில் நடந்தது அது. மகள் சண்முகப்பிரியா ஏழு வயதுப் பிள்ளை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், தின்றதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல் முருங்கைக் குச்சியாய் இளைத்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்தப் பிள்ளையின் உடம்பு இன்சுலின் சுரக்கிறதை நிறுத்திவிட்டது, இனிமேல் வெளியிலிருந்து ஊசியாகத்தான் கொடுக்கவேண்டும், நாளைக்கு நாலு, ஆயுசு முழுக்க என்றார்.

சின்னதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாலுன்னா கொஞ்சம் கூடுதலா இருக்குங்களே" என்றான்.

"அளவு, புள்ளையோட எடைக்குத் தகுந்த மாதிரிதாங்க..."

"அளவச் சொல்லலீங்க. எண்ணிக்கையச் சொன்னன். ரெண்டுல முடிச்சுக்கலாங்களா?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூன்று வேளைச் சோற்றுக்கு மூன்று. ராத்திரி படுக்கும்போது ஒன்று. பிள்ளை தின்றாலும் தின்னாவிட்டாலும் உடம்புக்கு அது வேண்டும். நாலில் எதையும் விட முடியாது.

"சரிங்க. ஒங்க பேச்சும் வேணாம், எம் பேச்சும் வேணாம். நடுவுல மூணுன்னு வச்சுக்குவோம்."

அவன் பெண்டாட்டி சிந்தாமணி முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளியதில் அன்றைய பேச்சு அங்கேயே நின்றது.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எவன் சொல்கிற முதல் விலையும் விலை இல்லை என்று நம்பி இருபது வருடம் பிழைத்தவன் அவன். பஸ்ஸில் கண்டக்டரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசிப் பார்த்திருக்கிறான். சந்தையில் அவன் தொழில் வாயால் நடப்பதில்லை, விரலால் நடப்பது. விற்கிறவனும் தரகனும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இன்னதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒரு ஜோடி மாடு கை மாறியிருக்கும். துண்டுக்குள் முடிந்த பேச்சுக்குச் சாட்சி கிடையாது, சீட்டு கிடையாது. அதனாலேயே அதை மாற்றவும் முடியாது. மாற்றினவன் மறுபடி அந்தச் சந்தையில் துண்டு போட முடியாது. சின்னதுரைக்குச் சொத்தென்று இருந்தது கொஞ்சம் மானாவாரிப் பருத்திக்காடும், ஒருநாளும் மாறாத இந்த விரலும்தான். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் யோசிக்காமல் விரலைத்தான் காட்டுவான்.

லீவு நாளில் மகளைச் சந்தைக்குக் கூட்டிப் போவான். அவள் வேப்பமரத்து நிழலில் வேர்க்கடலை உரித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய்ப்பாட்டைவிட விரல் கணக்கு அவளுக்கு முந்தி வந்துவிட்டது. வீட்டில் அப்பனும் மகளும் எதற்கெடுத்தாலும் துண்டு போட்டார்கள். எத்தனை தோசை, எத்தனை பக்கம் எழுத்து, செல்போனில் எத்தனை பாட்டு. சிந்தாமணி அடுப்படியிலிருந்து, "பொட்டப்புள்ளைய மாட்டுத் தரகு கத்துக்கவா பெத்தன்?" என்பாள். "எம் பொண்ணு பேச்சு மாறாதுடி" என்பான் இவன். அந்தப் பெருமைதான் அவனை மாட்டிவிட்டது.

சோற்றுக்கான மூன்று ஊசியும் சிந்தாமணி போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் மத்தியான ஊசியைப் போட்டுவிட்டு, போட்டது போட்டபடி கிடக்கிற முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்கு மறுபடி ஓடிவருவாள். கையெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கருத்திருக்கும். ராத்திரி ஊசி சின்னதுரை பொறுப்பு. முரட்டுக் காளையின் வாயைப் பிளந்து பல் பார்க்கிற கை, அந்த மயிர் போன்ற ஊசியைப் பிடித்ததும் நடுங்கும். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே அழும். ஒருநாள் அழுகையை நிறுத்திவிட்டு, அவன் தோளிலிருந்த துண்டை இழுத்து அவன் கைமேல் போட்டாள். உள்ளே இரண்டு விரலைப் பிடித்தாள். அவன் நாலைப் பிடித்தான். அவள் மறுபடி இரண்டு. அவன் நாலு. கண்ணீர் காயாத முகத்தோடு, "அப்பா, இந்த வருசம் மழ பெய்யுமா?" என்று கேட்டாளே பார்க்கணும், சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட தரகனெல்லாம் கேட்கிற அதே குரலில்! சின்னதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றில் முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து ராத்திரி மருந்து மூடி கழற்றிய பிளாஸ்டிக் ஊசி வழியாகக் கொல்லை முருங்கைமரத்துக்குப் போயிற்று. மருந்துப்புட்டி குறைகிறதா என்று மருந்து சூடாகாமலிருக்க ஈரமணல் போட்டு வைத்த பானையைத் திறந்து சிந்தாமணி தினம் பார்ப்பாள். குறைந்துகொண்டுதான் இருந்தது. முருங்கைக்குச் சர்க்கரை வியாதி இருந்திருந்தால் அந்த வருடம் பூரண குணமாகியிருக்கும்.

காலையில் குத்திப் பார்க்கிற சர்க்கரை மட்டும் ஏறியே நின்றது. சிந்தாமணி சோற்றைக் குறைத்தாள். களியாக்கினாள். களியையும் குறைத்தாள். பிள்ளை மறுபடி இளைத்தாள். சின்னதுரைக்கு உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனால் அவன் அதைத் தீர்க்கப் போன வழியும் பேரம்தான். செட்டிகுளத்து மலை முருகனிடம், ஊசியை நீ குறைத்துக் கொடு, நான் பிள்ளையின் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். ஆனி மாதக் காற்றில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, படியேறும்போது பிள்ளை வாந்தி எடுத்தாள். பாதிப் படியில் உட்கார்ந்தாள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. வாயிலிருந்து கனிந்துபோன பழ வாசம் வந்தது. சின்னதுரை தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். யார் ஆட்டோ, எந்த ரோடு என்று அவனுக்குத் தெரியாது. பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது செருப்பு இரண்டும் மலையடியிலேயே கிடந்தது தெரிந்தது.

ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு கையிலும் குழாய் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை விரலைக் குத்தினார்கள். பிள்ளை கண் திறந்து, "எம் மசுரு எங்க?" என்று தலையைத் தடவிக் கேட்டபிறகுதான் சிந்தாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே வாதநாராயண மரமும், அதற்கப்பால் திருச்சி ரோட்டில் போகிற லாரிகளும் தெரியும். பக்கத்துப் படுக்கை கீழப்பழுவூர் அம்மாக்கண்ணுவுக்கு. அவள் மகளுக்கு உடம்பில் ரத்தம் ஊறாத நோவு. மாதம் தவறாமல் வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த நேரத்தில் பால் வரும், எந்த வார்டுபாய்க்கு எந்த மாதிரி வணக்கம் வைக்கணும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"மொத தடவ வர்றவங்கதான் அழுவாங்க" என்று சிந்தாமணிக்குச் சொன்னாள். "பொறவு தலவாணி ஒற கொண்டாருவாங்க. அப்பறம் ஊறுகா பாட்டில். நான் இப்ப கோலப்பொடியே வச்சிருக்கன்."

மறுநாள் காலை டாக்டர் நர்மதா வந்தார். சின்ன வயசு. பேச்சில் சேலம் பக்கத்து இழுவை. சுகர் எழுதின தாளைப் புரட்டிவிட்டு, "காலையில எல்லா நாளும் ஏறியே இருக்குதே. ராத்திரி ஊசி ஒழுங்கா விழுதுங்களா?" என்றார்.

"தெனம் இவருதாங்க போடுவாரு" என்றாள் சிந்தாமணி. "மருந்து கொறையறத நானே கண்ணால பாக்கறன்."

சின்னதுரை மின்விசிறியைப் பார்த்தான். அது நல்ல மின்விசிறி.

படுக்கையிலிருந்து சண்முகப்பிரியா தெளிவாகச் சொன்னாள்: "ராத்திரி ஊசி பேச்சுலயே இல்லியே. எனக்கும் அப்பாவுக்கும் மூணுதான் முடிஞ்சுது."

டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. சிந்தாமணிக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. டாக்டர் நகர்ந்ததும் தண்ணீர்க் குழாயடிக்கு நடந்தாள். பின்னாலேயே போனான் சின்னதுரை.

"மருந்து எங்க போச்சு?"

"கொல்லையில..."

"கொல்லையில எங்க?"

"முருங்க மரத்தடியில."

அவள் கைகழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வருசம் காய்ச்சுக் கொட்டுச்சே. நான் போட்ட எருவுலன்னு நெனச்சன்."

"அழுவுதேன்னுதான் சிந்தாமணி..."

"அழுவட்டும். அழுவுற புள்ள உசுரோட இருக்கும். ஏங்க, மாட்டுக்குப் பல்லு பாக்கறீங்க, சுழி பாக்கறீங்க, சாணி மொதக்கொண்டு மோந்து பாக்கறீங்க. நான் புள்ளைக்குச் சோத்தக் கொறச்சன். ஒரு உருண்ட களி இன்னும் குடும்மான்னு கேட்டுச்சு. சக்கர ஏறுதுடின்னு தட்டப் புடுங்குனன். அத நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

இருபது வருடத்தில் ஒரு பேச்சுக்குப் பதில் விலை சொல்லாமல் அவன் நின்றது அன்றுதான்.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. அன்று ராத்திரி நர்ஸ் தேவயானி நாலாவது ஊசியோடு வந்தாள். செட்டிகுளத்துக்காரி, சிரித்த முகம். அதற்கு முந்தின மூன்றுக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டின பிள்ளை, இதற்குக் கட்டில் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினாள். "மூணு போட்டாச்சு! மூணுதான் பேச்சு!" நாலு பேர் பிடித்துக்கொண்டுதான் போட முடிந்தது. அடுத்த நாளும் அதே கூத்து. தேவயானியின் மணிக்கட்டில் பல் பதிந்தது.

"வலிக்குதுன்னு அழுவலீங்க" என்றாள் தேவயானி, கையைத் தேய்த்துக்கொண்டே. "வலிக்கு அழுவுற புள்ளைய எனக்குத் தெரியும். இது என்னமோ நாம ஏமாத்தறோம்ங்கற மாதிரி சண்ட போடுது."

மறுநாள் காலை டாக்டர் சின்னதுரையைத் தனியே அழைத்தார்.

"இங்க நாலு பேரு பிடிச்சிக்கிறோம். வீட்டுல யாரு பிடிப்பாங்க? இப்ப கத்துது. கொஞ்சம் வளந்தா ஓடிப்போயிடும். இன்னும் வளந்தா போட்டுக்கிட்டேன்னு பொய் சொல்லும். இதுவா மனசு வச்சு ஒத்துக்கணும். ஒத்துக்காம நான் வீட்டுக்கு அனுப்ப முடியாதுங்க. இந்த தடவ பொழச்சுது. மறுபடி இப்படி வந்தா நான் உறுதி சொல்ல மாட்டேன்."

சின்னதுரை வாசற்படியில் உட்கார்ந்து யோசித்துவிட்டு மகளிடம் போனான். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றான்.

"அது வேற வியாபாரம்" என்றாள்.

கொலுசு என்றான்.

"அதுவும் வேற."

"தாயி, டாக்டர் சொல்றாங்கல்ல?"

"டாக்டர் நம்ம துண்டுக்குள்ள இருந்தாங்களா? நீதானப்பா சொன்ன, முடிஞ்ச பேச்ச மாத்துறவன் சந்தைக்குள்ளயே வரக்கூடாதுன்னு. போன பொங்கலுக்கு அந்த உடையார்பாளையத்து ஆளு மாத்துனப்ப நீ காறித் துப்புனல்ல?"

துப்பியது உண்மைதான். பிள்ளையின் உயிர் ஊசிமுனையில் நிற்கிற அந்த நேரத்திலும் சின்னதுரைக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மொட்டைத்தலையும் குழாய் குத்தின கையுமாகப் படுத்திருந்து என்ன நிற்பு நிற்கிறாள்! பெருமையை அனுபவிக்கத்தான் நேரமில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னால் செல்லமுத்து வந்து சேர்ந்தான். அதே சந்தைத் தரகன். சின்னதுரைக்கு மாமன் முறை, தொழிலில் போட்டி. வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் எண்ணெய் ஊறின ஜிலேபிப் பொட்டலம்.

"யோவ் பெரியவரே" என்று அம்மாக்கண்ணு எழுந்துவிட்டாள். "சக்கரப் புள்ளைக்கு ஜிலேபியா?"

"நோவாளியப் பாக்க வெறுங்கையோடவா வர்றது? பழம் வாங்கலாம்னு பாத்தன். பழமும் இனிப்புத்தான? எல்லா இனிப்பும் ஒண்ணுதான்னு இதையே வாங்கிட்டன்."

"குடுங்க இங்க" என்று வாங்கி, தன் மகளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைச் செல்லமுத்து மடியிலேயே வைத்தாள். "ஒக்காந்து நீங்களே தின்னுங்க."

செல்லமுத்து பிள்ளையைப் பார்த்தான், உச்சுக் கொட்டினான், குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, ஜெயங்கொண்டத்துக்கு அந்தாண்ட ஒருத்தரு வேரு குடுக்கறாராம். ஒரு மண்டலம் குடிச்சா ஊசியே வேணாமாம். அறவே வேணாமாம். நாளைக்கே காரு பேசிடலாம். என்ன சொல்ற?"

சிந்தாமணி டம்ளரை நங்கென்று வைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன் சின்னதுரை பேசினான்.

"ரெண்டு போதும்னு சொன்னாரா, வேணாம்னே சொன்னாரா?"

"வேணவே வேணாமாம்."

"கேக்காமயே எறங்கறான் பாத்தியா மாமா. மொத வார்த்தையிலேயே சும்மா குடுக்கறன்னு சொல்றவன் மாட்ட நீ வாங்குவியா? பல்லையாவது பாக்க வுடுவானா?"

செல்லமுத்து தலையைச் சொறிந்தான். "வாங்க மாட்டன்."

சின்னதுரை மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான். "அரியலூர்லயும் நாலுன்னாங்க. நான் எவ்வளவு இழுத்தன். அசையல. இங்க வேற டாக்டர், வேற ஊரு. இங்கயும் நாலு. ரெண்டு சந்தையிலயும் ஒரே வெல. ஒருத்தரு மொகத்துலயும் வெல சொல்ற களையே இல்ல மாமா. நான்தான் வெலன்னு நெனச்சுட்டன். அது அசலு. அசல்ல எவன் பேரம் பேசுவான்?"

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள் சிந்தாமணி. குரலில் சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மாமா, நான் துண்ட எறக்கப் போறன். நீ சாட்சி நில்லு."

செல்லமுத்து ஜிலேபி பாதி வாயில் இருக்க நிமிர்ந்தான். துண்டை இறக்குவது என்றால் சும்மாயில்லை. மாட்டில் ஒளிந்திருந்த குறை பிறகு தெரிந்து, பேச்சை முறிக்கவேண்டி வந்தால் தரகனுக்கு அந்தச் சந்தையில் ஒரே ஒரு வழி உண்டு. இன்னொரு தரகன் முன்னால், நாலு பேர் காது கேட்க, துண்டை எதிராளி காலடியில் வைத்து, என் கண்ணு தப்பிடுச்சு என்று சொல்லவேண்டும். அதன்பிறகு விலை சொல்கிற உரிமை எதிராளிக்குத்தான். அவன் என்ன சொன்னாலும் இவன் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிச் செய்தவனுக்குப் பேச்சுச் சுத்தம் மிஞ்சும், பேர் மிஞ்சாது. ஆயுசுக்கும் கண்ணு தப்பின தரகன் என்பார்கள்.

"இருவது வருசம் எறக்காத துண்டுய்யா" என்றான் செல்லமுத்து. "நான் போயி சந்தையில சொல்லாம இருக்கமாட்டன். என் வாயப் பத்தி ஒனக்குத் தெரியும்."

"சொல்லு. தெரிஞ்சுதான ஒன்னக் கூப்பிடறன்."

சிந்தாமணிதான் குறுக்கே வந்தாள். "ஏங்க, என்ன வெளையாட்டு இது? வெல சொல்றத அதுகிட்ட வுட்டுட்டு, அது ஒண்ணுமே வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லாது."

"சொல்லிட்டா?"

"சொன்னா நீங்க எல்லாரும் சேந்து அமுக்கிப் புடிச்சுத்தான் போடணும். இப்பவும் அதான நடக்குது? ஆனா ஒண்ணு சிந்தாமணி. அதுகிட்ட நான் ஒரு குறையையும் மறைக்காம சொல்லப் போறன். சரக்கு இன்னதுன்னு தெரிஞ்சா எம் பொண்ணு தப்பு வெல சொல்லாது."

மத்தியான ஊசி நேரம். தேவயானி தட்டோடு வந்தாள். டாக்டர் நர்மதாவும் பின்னாலேயே வந்தார், ராத்திரிச் சண்டைக்கு ஏதாவது வழி கிடைத்ததா என்று கேட்க. சின்னதுரை தோளிலிருந்து துண்டை எடுத்தான். ஆஸ்பத்திரிச் சிமெண்டுத் தரையில், கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறிய காலுக்குக் கீழே வைத்தான். வார்டில் இருந்த அம்மாக்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் கண்ணு தப்பிடுச்சு" என்றான், சந்தையில் சொல்வதுபோலவே உரக்க.

சண்முகப்பிரியா துண்டைப் பார்த்தாள். செல்லமுத்துவைப் பார்த்தாள். அவன் ஜிலேபிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நான் சாட்சி" என்றான்.

"மூணுக்கு முடிச்சது என் தப்பு தாயி. அந்த ராத்திரி ஊசி இல்லாமத்தான் நீ மலப்படியில வுழுந்த. இனிமேலும் அது இல்லாட்டி மறுபடி வுழுவ. அப்ப எந்திரிக்காம போனாலும் போயிடுவ. நான் அந்த மருந்த முருங்க மரத்துல ஊத்துனன். ஒங்கம்மாவ ஏமாத்துனன். ஒனக்குக் களி கொறஞ்சதும் என்னாலதான். சரக்கு இதான். இனிமே வெல ஒன்னுது. நான் பேசமாட்டன்."

அம்மாக்கண்ணுவின் மகள் மட்டும் ஜிலேபி நக்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அவசரப்படவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாலு எத்தன நாளைக்கு?"

டாக்டர் சின்னதுரையைப் பார்த்தார். அவன் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். பூசி மெழுகிச் சொல்லிவிடுவாரோ என்று அவன் பயந்தது டாக்டருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

"எப்பவும்" என்றார்.

"எப்பவும்னா? பன்னெண்டாவது முடிக்கற வரைக்குமா?"

"அதுக்கப்பறமும். நீ வேலைக்குப் போவ, கிழவியாவ. அப்பவும்."

"லீவு நாளு?"

"லீவு நாளும்."

"ஒண்ணும் கொறையாதா?"

"குறையாதும்மா."

அவள் தன் வயிற்றில் ஊசி குத்தின இடங்களை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த துண்டை எடுத்து, தூசு போக இரண்டு தரம் உதறினாள். சின்னதுரையின் கையைப் பிடித்து மேலே போட்டாள். உள்ளே அந்தச் சின்ன விரல்கள் அவன் விரலைத் தேடின. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். அங்கே நின்றது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று சின்னதுரைக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

ஆள்காட்டி விரல் மேலும் ஒரு பிடி விழுந்தது. நாலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

அவன் துண்டை எடுக்கப் போனான். அவள் விடவில்லை.

"இன்னும் முடியல" என்றாள். இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாயாலேயே பேசினாள். "நீ போடக் கூடாது. ஒங் கை நடுங்குது. அம்மா மருந்து இழுத்துத் தரட்டும், சிஸ்டர் சரி பாக்கட்டும். குத்தறது நான். நாலும் நான்தான்."

சிந்தாமணி "அய்யோ" என்றாள். டாக்டர் அவளைக் கையமர்த்தினார். "அளவு நீங்க பாருங்க, பக்கத்துலயே இருங்க. குத்தறத அது பண்ணட்டும். இந்த வயசுல செய்யற பிள்ளைங்க இருக்காங்க."

தேவயானி மண்டிபோட்டு உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். எங்கே தொடணும், எப்படிச் சதையைக் கூட்டிப் பிடிக்கணும், அழுத்தினபிறகு பத்து எண்ணுகிறவரை எப்படி எடுக்காமல் வைத்திருக்கணும். சிந்தாமணி மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேவயானியிடம் காட்டிவிட்டுக் கொடுத்தாள். முந்திரிப்பால் கறை ஏறின அவள் விரலிலிருந்து ஊசி சின்ன விரலுக்கு மாறியது.

பிள்ளை சட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். வயிற்றுச் சதையைக் கூட்டிப் பிடித்தாள். முதல் தரம் கை தோலுக்கு அருகில் போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் தரமும் வந்தது. மூன்றாம் தரம் குத்திவிட்டாள். முகம் சுளித்தது, கண்ணில் நீர் நிரம்பி வழிந்தது, கை அசையவில்லை. கடித்த சட்டைக்குள்ளேயே எண்ணினாள். பத்தாவது எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

சின்னதுரை அதுவரை ஒரு ஊசி ஏறுவதையும் கண்ணால் பார்த்ததில்லை. தான் போட்ட நாட்களில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டிருக்கிறான். அன்று இமை கொட்டாமல் பார்த்தான்.

"எடுத்துட்டன்" என்றாள். ஊசியைத் தேவயானி நீட்டின டப்பாவில் போட்டாள். "சோறு எங்க? ஊசி போட்டாச்சுல்ல."

அம்மாக்கண்ணு சிரித்தபடி தூக்குவாளியைத் திறந்தாள். சிந்தாமணி தட்டில் சோறு போட்டு, முட்டையை உரித்து வைத்து, கீரையை அள்ளிக் கொட்டினாள். தட்டு நிரம்பியிருந்தது.

செல்லமுத்து வார்டு நடுவில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, "பாத்தீங்களா? விக்கிரமங்கலத்துப் புள்ள" என்று பக்கத்துப் படுக்கைகளுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான். சந்தையில் இன்னும் என்னென்ன சேர்த்துச் சொல்வானோ தெரியாது.

"ரெண்டு ராத்திரியா நாங்க நாலு பேரு பிடிச்சும் ஒத்துக்காததுங்க" என்றார் டாக்டர் நர்மதா, சின்னதுரையிடம். "அந்தக் கடைசிப் படுக்கையில ஒரு பையன் இருக்கான், மாத்திரையே முழுங்கமாட்டேங்கறான். நீங்க கொஞ்சம் வந்து பேசி முடிச்சுக் குடுங்களேன்."

பக்கத்து மரத்தடியில் எவனோ எவனுக்கோ முடித்த வியாபாரத்தில்கூட, நானும் ஒரு வார்த்தை சொன்னேனே என்று போய்த் தரகுக்குக் கை நீட்டுகிறவன் சின்னதுரை. அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். கட்டிலில் சம்மணமிட்டு முட்டையை இரண்டாகப் பிட்டுக்கொண்டிருந்த மொட்டைத்தலையைக் காட்டினான்.

"என்னக் கேக்காதீங்க டாக்டர். இதுல தரகு யாருக்கும் கெடயாது. அதுவே நேரா பேசி முடிச்சுக்கிச்சு."